இருபத்துநாலு சட்டை

அங்கமுத்துவோட தொப்பை மட்டும் பெருக்காம இருந்திருந்தா நான் இந்நேரம் நிம்மதியா மிஷின மிதிச்சுக்கிட்டு இருப்பேன். காலையில வந்தான், பழைய நீலச் சட்டை ஒண்ண மிஷின் மேல போட்டான். "அக்கா, லோடு ஏத்தப் போறப்பப் போட்டுக்கறேன். வயிறு பத்தல, ரெண்டு பக்கமும் பிரிச்சு விட்டுக் குடு. அஞ்சு மணிக்கு வரேன்"னான். "ஏன்டா, சோத்தத் தின்னியா, சோத்துப் பானையத் தின்னியா?"ன்னு கேட்டுச் சிரிச்சுட்டுத்தான் வாங்கி வச்சேன்.

மத்தியானம் சாப்புட்டுட்டு வந்து பிரிச்சேன். இடுப்புலேருந்து மேல பிரிச்சுக்கிட்டே போயி அக்குளுக்கு வந்தா, அங்க ஒரு ஒட்டுத்துணி. மூணு விரல் அகலம். என் தையல்தான், எனக்குத் தெரியாதா? கை அப்படியே நின்னு போச்சு.

சாமி, இந்தச் சட்டையில ஒட்டு இருக்கவே கூடாது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால மாரியம்மன் திருவிழாவுக்கு எங்க ஊரு பசங்க இருபத்துநாலு பேரு ஒரே மாதிரி சட்டை போடணும்னு மொத்தமா ஒரு நீலத் துணிய எடுத்தாந்து என்கிட்ட எறக்கினானுங்க. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு இந்தப் பக்கம் மூணாவது ஸ்டாப்பு எங்க ஊரு. புவனேஸ்வரி டைலர்னா பஸ் கண்டக்டருக்கே தெரியும். மூணு நாள் கண்ணு மூடாமத் தச்சேன். துணி பத்தல. எங்க பத்தலையோ அங்க அக்குளுக்கு அடியில ஒட்டுப் போட்டுச் சமாளிச்சேன். கைய இறக்கிட்டா எவனுக்குத் தெரியப் போவுது?

திருவிழா கடைசி நாள், மஞ்சத்தண்ணி ஊத்தி ஆடினாங்க பாருங்க, அன்னிக்குத்தான் எதுத்த வூட்டு அனுசுயா பொண்ணு அபிநயா காணாமப் போனா. பத்தொம்பது வயசு. மறுநாள் முந்திரிக்காட்டுலதான் கிடைச்சா. அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது. அவ கையில ஒரு நீலச் சட்டைக் கை இருந்துச்சு, கிழிஞ்சு வந்தது. அதோட அக்குள்ல ஒட்டு இருந்துச்சு.

போலீஸ்காரரு அதக் காட்டினப்ப ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. "இருபத்துநாலுல ஒரே ஒரு சட்டைக்குத்தான் ஒட்டுப் போட்டேன். அது கலைச்செல்வன் சட்டை. அவன் தோளு அகலம்"னு சொன்னேன். கோர்ட்டுலயும் சத்தியம் பண்ணிச் சொன்னேன். மஞ்சத்தண்ணி ஆடுறப்பக் கழட்டிக் கொடியில போட்டேன், காணாமப் போச்சுன்னான் அவன். யாரு நம்புவா? மத்த பசங்க சட்டைய ஒருத்தரும் கொண்டு வாங்கடான்னு கேக்கல. ஒண்ணுதான்னு நான்தான் சொல்லிட்டேனே.

அவன் சட்டைக்குப் போட்டது எனக்கு நல்லா ஞாபகம். மத்ததுக்குப் போடலேன்னு சொன்னேன் பாருங்க, அது ஞாபகமா, கோவமா? இப்ப யோசிச்சா கோவந்தான்.

தூக்குன்னு தீர்ப்பு வந்தப்பத் தெருவே பட்டாசு வெடிச்சுச்சு. ஜெயங்கொண்டத்துலேருந்து லட்டு வாங்கியாந்து நான்தான் குடுத்தேன். கலைச்செல்வன் அம்மா கொளஞ்சியம்மாள் அடுத்த மாசம் ரவிக்கைத் துணியோட கடைக்கு வந்தா. தூக்கித் தெருவுல வீசினேன். குனிஞ்சு எடுத்து மண்ணத் தட்டிக்கிட்டுப் போனா.

பெரம்பலூருலேருந்து வினோதினின்னு ஒரு வக்கீலம்மா, அவன் கேஸ எடுத்திருக்கா. தூக்கே கூடாதுன்னு ஜெயங்கொண்டத்துல கூட்டம் போட்டுப் பேசினா. நான் எந்திரிச்சு, "உன் வூட்டுப் பொண்ணா இருந்தா இப்படிப் பேசுவியா?"ன்னு கத்தினேன். ஒரே கைதட்டல். கூட்டம் முடிஞ்சு அவளே என்கிட்ட வந்தா. "தப்பாத் தச்சுட்டா என்ன பண்ணுவீங்கக்கா?"ன்னா. "பிரிச்சுத் தைப்பேன், அதுக்கென்ன?"ன்னேன். கார்டக் குடுத்துட்டுப் போனா. ஏனோ கிழிச்சுப் போடாம நூல்கண்டு டப்பாவுல போட்டு வச்சிருந்தேன். அனுசுயா ஒரு தடவை நூலு தேடுறப்ப அதப் பாத்துட்டு மொறைச்சா.

தூக்கு சரிதான்னு ஹைகோர்ட்டும் சொல்லணுமாம். வர்ற திங்கக்கிழமை விசாரணை. இன்னிக்கு வியாழன்.

மிஷின்ல உக்காந்தேன், எந்திரிச்சேன், வாசலுக்குப் போனேன், வந்தேன். ஊசியில நூலக் கோத்து வச்சாச்சு. அக்குள அப்படியே மூடித் தச்சுக் குடுத்துட்டா அங்கமுத்துவுக்கு என்ன தெரியும்? அவன் சட்டையில ரெண்டு கையும் ஒழுங்கா இருக்கு, அவன் இல்ல. ஆனா ரெண்டுக்குப் போட்டிருக்கேன்னா மூணுக்குப் போட்டிருக்க மாட்டேனா? அஞ்சுக்கு? அடிப்பாவி, எத்தனைக்குடி போட்ட? ஒண்ணும் ஞாபகத்துக்கு வரல. கலைச்செல்வனாவே இருந்தாலும் இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். இருக்கலாங்கறதுக்கு ஒருத்தன் கழுத்துல கயித்த மாட்டுவாங்களா?

நாலு மணிக்கு அனுசுயா காப்பித் தூக்கோட வந்துட்டா. தெனமும் வருவா. தீர்ப்பு வந்ததுக்கு அப்புறந்தான் அவ ஒழுங்காச் சாப்புடவே ஆரம்பிச்சா. மக படத்துக்கு இன்னும் மாலை போடல. "அவன் தொங்குற அன்னிக்குப் போடுறேன்"னு ஊருக்கே சொல்லி வச்சிருக்கா. நான் வாயத் தொறந்தா அவளுக்கு மிச்சம் என்ன இருக்கு?

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

சட்டைய அவ மடியில வச்சேன். ஒட்டத் தொட்டுக் காமிச்சேன். "அனுசு, இது அங்கமுத்து சட்டை. நான் கோர்ட்டுல சொன்னது தப்பு. ஒண்ணு இல்லடி. எத்தனைன்னே எனக்குத் தெரியல."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆச்சு. புரிஞ்சதும் விட்டா ஒரு அறை. காதுல குய்ங்குன்னுச்சு. காப்பி கொட்டித் துணியெல்லாம் வீணாப் போச்சு. "உன் வாயால சொன்னியேடி! உன்ன நம்பித்தானடி தூங்கினேன்!"ன்னு என் தலைமுடியப் புடிச்சு உலுக்கினா. நான் தடுக்கல. அடிக்கட்டும், எனக்கு வேணும். எனக்கு எப்பவோ விழுந்திருக்க வேண்டிய அடி.

அப்புறம் விட்டுட்டா. சட்டைய எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா. அந்த ஒட்ட விரலால தடவிக்கிட்டே இருந்தா. தெருவுல ரெண்டு பசங்க பைக்குல போனானுங்க, "என்னக்கா, என்ன அத்தை"ன்னு கைய ஆட்டிக்கிட்டே. ரெண்டு பேருக்கும் அந்த வருஷம் நான்தான் சட்டை தச்சேன். பைக்கு மறையற வரைக்கும் அனுசுயா பாத்துக்கிட்டே இருந்தா.

"புவனா."

"சொல்லுடி."

"எம்புள்ள பாடையத் தூக்கின நாலு பேரு... அவனுங்கள்ல எத்தனை பேருக்கு இந்தச் சட்டை தச்ச?"

ஒவ்வொரு மூஞ்சியா நெனச்சுப் பாத்துட்டுச் சொன்னேன்.

"நாலு பேருக்கும்."

அவ அழல. நூல்கண்டு டப்பாவ என் முன்னால நகத்தி வச்சா.

"அந்த வக்கீலம்மா நம்பரப் போடு"ன்னா.