தரணி விலாஸில் தங்கிப்போன சொற்கள்

தரணி விலாஸில் சாப்பிட்டுப் போனவர்களில் முதன்முதலாகச் சொல்லைப் பறிகொடுத்தவர் சோமனூர் விசைத்தறிக்காரர் குமாரசாமி. அவருக்குப் போனது ‘நூல்’ என்ற சொல். 2023ஆம் ஆண்டு ஆனி மாதம், ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, மூன்றாம் மேஜையில் ஊத்தப்பத்தை ஆறவிட்டபடி, நூல் விலை இப்படி ஏறினால் தறியை எடைக்குத்தான் போட வேண்டும் என்று கூட வந்தவரிடம் வயிறெரிந்து சொன்னார். கை கழுவினார், கிளம்பினார். ஊர் போய்ச் சேர்ந்து மில்லுக்குப் போன் போட்டவருக்கு, வேண்டிய சரக்கின் பெயர் வாயில் வரவில்லை. மறந்துபோனதாகச் சொல்ல முடியாது. எழுதச் சொன்னால் எழுதினார். பிறர் சொன்னால் தலையாட்டினார். நாக்குதான் அந்த இடம் வந்ததும் இல்லாத படியில் கால் வைத்ததுபோலத் தடுமாறியது. மூன்று தலைமுறையாக அதில் பிழைக்கிற குடும்பம். அன்றிலிருந்து ‘அந்த நீளமானது’ என்று சொல்லித்தான் வாங்குகிறார். மில்காரர்களும் பழகிக்கொண்டார்கள்.

முதலாளி தரணீதரன் கெட்டவர் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவிநாசி சாலையில் இருபது மேஜையோடு நல்ல பெயர் எடுத்த சைவக் கடை அவருடையது. யாரோ ஒரு வாடிக்கையாளர், பரிமாறியவர் மரியாதை இல்லாமல் பேசியதாகச் செல்போனில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார். தரணீதரனுக்கு அது செருப்புக்குள் போன கல்லாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு விற்பனைக்காரர் வந்தார். அவர் கொண்டுவந்த கருவி ஒரு பிஸ்கட் அளவு. சட்டையில் நெஞ்சுக்கு நேரே குத்திக்கொண்டால் எதிரில் இருப்பவரின் முகத்தையும் இருவர் பேச்சையும் பிடித்து முதலாளி அறையிலிருக்கும் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். நடுவில் ஒரு பச்சை விளக்கு. பரிமாறுகிறவர்கள் அதற்குப் பொட்டு என்று பெயர் வைத்தார்கள். பதினொரு பேர் நெஞ்சிலும் பதினொரு பொட்டு ஏறியது. சாப்பிட வருகிறவர்களிடம் சொல்ல வேண்டாமா என்று கேட்டதற்கு, அறிவிப்பு ஒட்டியாயிற்று என்றார் தரணீதரன். ஒட்டித்தான் இருந்தது. கை கழுவும் இடத்தில், குப்பைக்கூடைக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில். ‘சேவைத் தரம் கருதித் தங்கள் உரையாடல் பதிவு செய்யப்படலாம்.’ குந்தி உட்கார்ந்தால் படிக்கலாம். வயிறு முட்டச் சாப்பிட்டு எழுந்தவர் யார் குந்துவார்?

எல்லாச் சொல்லும் போகவில்லை. வாய்க்கு வந்தபடி சொன்னது தப்பித்தது. ரெண்டு இட்லி ஒரு வடை என்பதெல்லாம் சொன்னவர் வாயிலேயே பத்திரமாக இருந்தது. மனசிலிருந்து எந்தச் சொல் வந்ததோ அது பொட்டுக்குள் போய்த் தங்கிவிட்டது. ஆறாம் மேஜையில் பெண் பார்க்க வந்த இடத்தில் ‘சம்மதம்’ என்று மெல்லச் சொன்ன ஜெயபாரதி, நிச்சயதார்த்தத்தன்று சபை கேட்டபோது வாயைத் திறந்து திறந்து மூடினாள். வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்த்த ராஜ்கமல், ‘ராஜினாமா’ என்று நண்பனிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். மேலாளர் முன்னால் போய் நின்றால் அந்தச் சொல் வரவில்லை. இன்றுவரை அதே கம்பெனியில்தான் இருக்கிறான், இரண்டு தடவை பதவி உயர்வும் கொடுத்துவிட்டார்கள். ஒடிசாவிலிருந்து வந்த, எழுதத் தெரியாத ஒரு தையல்காரருக்குச் சொந்த ஊரின் பெயர் போயிற்று. ரயில் நிலையத்தில் டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் வாய் அடைத்து நின்றவர், பின்னால் நின்ற வரிசை கத்தக் கத்தத் திரும்பி நடந்தார். அவரை நினைத்தால் எனக்கு இன்னும் வேதனைதான். மாட்டுத் தரகர்கள் மட்டும் எதையும் இழக்கவில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே பேரத்தை முடித்துக்கொள்கிறவர்கள், பொட்டுக்கு அவர்களிடம் என்ன கிடைக்கும்?

பரிமாறுகிறவர்களில் அதிகம் இழந்தவள் மருதாள். சேவூர்க்காரி, நாற்பத்திரண்டு வயது, பதினோரு வருடமாகத் தரணி விலாஸில் இருக்கிறாள். அவளுடைய கோளாறு என்னவென்றால் எதையும் மனசாரத்தான் சொல்வாள். ‘வாங்க’ என்றால் வந்ததில் அவளுக்கு நிஜமாகவே சந்தோஷம். ‘சாப்பிட்டீங்களா’ என்றால் பதில் தெரியாமல் நகரமாட்டாள். பொட்டுக் குத்திய முதல் வாரத்திலேயே ‘வாங்க’ போயிற்று, அடுத்த வாரம் ‘சாப்பிட்டீங்களா’. மதுரைப் பக்கமிருந்து வந்து அவளோடு பரிமாறிக்கொண்டிருந்த ஜோதிகா புத்தி சொன்னாள்.

“அக்கா, மனசு வச்சுப் பேசாதீங்க. வாயால மட்டும் பேசுங்க. நான் அப்படித்தேன் தப்பிச்சுக்கிட்டிருக்கேன்.”

மருதாள் ஒரு வாரம் முயன்று பார்த்தாள். முகம் வேர்த்ததே தவிர முடியவில்லை.

அவளுக்குப் பயமெல்லாம் புருஷனை நினைத்துத்தான். முருகவேல் பக்கத்துச் சந்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம், பிள்ளை இல்லை. வீட்டில் இவள் பேச வேண்டும், அவர் கேட்க வேண்டும், அதுதான் அவர்களின் வாழ்க்கை. அவர் பெயரை அவள் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். பெயரோ முருகவேல். அதனால் மலைக்குப் போனாலும் சாமி பெயரைக் கூப்பிடாமல் அரோகரா மட்டும் போடுவாள். முருகம்பாளையத்துக்கு எந்த பஸ் என்று யாராவது கேட்டால், “அந்தப் பாளையத்துக்குங்களா, எதுத்தாப்புல நில்லுங்க” என்பாள். கடையில் எல்லோரும் இதை வைத்து அவளைக் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். கூப்பிடுவதற்கென்று அவளிடம் வேறு சொற்கள் இருந்தன. ‘ஏனுங்க’ இருந்தது, ‘மாமா’ இருந்தது, ‘இங்க பாருங்க’ இருந்தது.

ஒரு மத்தியானம் அவருக்குச் சர்க்கரை மாத்திரையை ஞாபகப்படுத்தப் போன் போட்டாள். நெஞ்சில் பொட்டு இருப்பது ‘ஏனுங்க’ என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. அன்று சாயங்காலம் வீட்டில் அவரைக் கூப்பிட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. ஆடி பிறந்த அன்று அவரே டிபன் சாப்பிட வந்து எட்டாம் மேஜையில் உட்கார்ந்தார், பார்த்த சந்தோஷத்தில் ‘மாமா’ போயிற்று. ‘இங்க பாருங்க’ எந்த நேரத்தில் போனதென்று அவளுக்கே தெரியவில்லை. அப்புறம் அவள் பாத்திரத்தைத் தட்ட ஆரம்பித்தாள்.

“என்ன புள்ள, என்னையக் கூப்படறக்குச் சட்டியத் தட்டற?” என்று முதல் நாள் சிரித்தார் முருகவேல். மூன்றாம் நாள் சிரிக்கவில்லை. அவள் சட்டியைத் தட்டுவதற்கு முன்பே திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். அது அவளுக்கு இன்னும் வலித்தது.

அவள் முதலாளி அறைக்குப் போனாள். “இந்தப் பொட்டக் கழட்டி வெச்சுட்டு வேல செய்யறனுங்க மொதலாளி. என்ற வாயில ஒவ்வொண்ணாப் போகுதுங்க. ஊட்டுக்குப் போனா அவியளக் கூப்படறக்கு ஒண்ணும் மிச்சமில்லீங்க.”

“மருதாக்கா, இது யூனிபார்ம் மாதிரிங்க,” என்றார் தரணீதரன். “உங்களுக்கு மட்டும் கழட்டுனா மத்தவிய கேப்பாங்கல்லங்க?” சொல்லும்போது அவர் கண் கம்ப்யூட்டரில் இருந்தது. சாம்பாரைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேட்கத்தான் அவர் ஆரம்பித்தார். இப்போது சாம்பாரைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தார். யார் வீட்டில் என்ன சண்டை, எந்தக் கம்பெனி எந்த மாதம் மூடப்போகிறது, எல்லாம் அவருக்குத் தெரிந்தது. வாடிக்கையாளர்களை நேரில் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வார்.

ஆடிக் காற்று தொடங்கியதும் மின்சாரம் அடிக்கடி போனது. கரண்ட் போனால் மற்ற கடைகளில் சத்தம் அடங்கும். தரணி விலாஸில் பேச்சுச் சத்தம் கூடியது. அந்த நேரங்களில் முதலாளியின் அறைக்குள், அணைந்து கிடந்த கம்ப்யூட்டரிலிருந்து, தங்கிப்போன சொற்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. நல்ல பகல் வெளிச்சத்தில், மூன்று மணிக்கு, மேஜை துடைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். குமாரசாமியின் குரல் ‘நூல்’ என்றது. ஜெயபாரதியின் குரல் ‘சம்மதம்’ என்றது. ஏதோ ஒரு ஊரின் பெயரை ஒரு ஆண்குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. அதற்கு நடுவில் மருதாளின் குரல், அவளைவிடப் பிரியமாக, ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்டது. அப்புறம் உள்ளேயிருந்து யாரோ ‘இன்னும் இல்லீங்க’ என்றார்கள். தன் குரலுக்கு அங்கே தனியாக ஒரு கடை நடக்கிறது என்று மருதாளுக்குத் தோன்றியது. கரண்ட் வந்ததும் எல்லாம் அடங்கியது. அடுத்த தடவை கரண்ட் போனபோது யாரும் கையை நிறுத்தவில்லை.

‘ஐயோ’ என்ற சொல்லும் போனது. ஜோதிகாவின் காலில் கொதிக்கிற சாம்பார் கொட்டியபோது மருதாள்தான் பதறினாள், சாம்பார் பட்டவளைவிடச் சத்தமாக. ஆக, ஆடி பதினெட்டுக்கு முந்தின சனிக்கிழமை காலையில் மருதாளின் வாயில் யாரையும் கூப்பிடுவதற்கென்று ஒரு சொல்லும் மிச்சமில்லை, அவள் சொல்லவே கூடாத ஒன்றைத் தவிர. அதைப் பொட்டால் எடுக்க முடிந்ததில்லை. கடையில் பாதிப் பேர் பெருமூச்சு விட்டு ‘அப்பனே முருகா’ என்று சொல்லி அந்தச் சாமியின் பெயரைத் தொலைத்திருந்தார்கள். அவளிடம் அது அப்படியே இருந்தது.

அன்று காற்று ஆளைத் தூக்கியது. தரணீதரன் வாசலுக்கு மேலே புதிதாக ஒரு பெயர்ப்பலகை ஏற்றியிருந்தார், இரும்புச் சட்டம், பதினாறு அடி நீளம், உள்ளே விளக்கு. பதினொன்றரை மணி இருக்கும். மருதாள் இடது கையில் மூன்று தோசைத் தட்டும் வலது கையில் ஒன்றுமாக வந்துகொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே முருகவேல் முதுகைக் காட்டி நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். மேலே பலகையின் ஒரு பக்கம் சுவரைவிட்டுக் கழன்று ஆடியது.

அவள் கத்தினாள். சொல்லில்லாத கத்தல். மேஜையில் இருந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், அவர் பார்க்கவில்லை. பலகையின் இன்னொரு ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது. நாலு தட்டும் கீழே விழுந்தன. இருபத்திரண்டு வருடமாக அடிவயிற்றில் கிடந்த பெயர் அவள் தொண்டைக்கு ஏறியது.

“முருகவேலு!”

‘ஏனுங்க’ என்று கத்தியிருந்தால் அவர் திரும்பியிருக்க மாட்டார். அந்தச் சாலையில் அப்படி யார் யாரையோ கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். இது அவர் பெயர், அவள் குரலில். அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். முகத்தில் பயமில்லை, ஆச்சரியம்தான் இருந்தது. யார் என்னைக் கூப்பிட்டது என்பதுபோலத் திரும்பி, கதவைப் பார்த்து இரண்டு அடி எடுத்து வைத்தார். அவர் நின்றிருந்த இடத்தில் பலகை விழுந்தது. ஒரு மொபெட் நசுங்கியது. அவருக்குச் சட்டையில் தூசிதான்.

அவள் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அந்த இடம் காலியாக இருந்தது. அவளுடைய நெஞ்சில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அன்று மாலையே தரணீதரன் பதினொரு பொட்டையும் கழற்றி வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். மருதாளின் கூப்பாட்டைக் கம்ப்யூட்டரில் கேட்டுவிட்டுத்தான் வந்தார் என்று ஜோதிகா சொல்கிறாள். போன சொற்கள் யாருக்கும் திரும்பவில்லை. அறிவிப்பை எடுக்க மறந்துவிட்டார், அது இன்னும் முழங்கால் உயரத்தில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரை விற்கவும் அவருக்குப் பயம், அழிக்கவும் பயம். விஷயம் பரவி, சொல்லைத் தொலைத்தவர்கள் கேட்டுக்கொண்டு வர ஆரம்பித்ததும் தன் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு போட்டார். ஒவ்வொருவராக உள்ளே அழைத்து அவரவர் சொல்லைப் போட்டுக் காட்டுகிறார். குமாரசாமி மாதம் ஒரு தடவை வருகிறார். ஒடிசாத் தையல்காரர் தன் ஊரைக் கேட்டு, தன் செல்போனில் பதிவு செய்துகொண்டு, மறுநாளே ரயிலேறினார்.

மருதாளிடம் பலர் ஆறுதல் சொன்னார்கள். சொல்லாத பெயர்தானே போனது, இதில் உனக்கென்ன நஷ்டம் என்றார்கள். அவள் தலையாட்டினாள். உள்ளுக்குள் அவளுக்குத் தாங்கவில்லை. இத்தனை வருடம் அது அவளிடம் பூட்டி வைத்த நகை. போடாவிட்டாலும் பீரோவில் இருந்தது. இப்போது மலைக்குப் போனால் வாய்க்குள்ளேயே சாமி பெயரை முணுமுணுக்கப் பார்க்கிறாள், அதுவும் வருவதில்லை. அவர் ஆயுசைப் பற்றி அவள் அம்மா சொன்னது பலித்துவிடுமோ என்று முதல் வருடம் பயந்துகொண்டே இருந்தாள். முருகவேலுக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை.

அவர் சனிக்கிழமைதோறும் கம்பெனியில் சம்பளம் போட்டதும் நேராகத் தரணி விலாஸுக்கு வருகிறார். பெஞ்சில் உட்கார்ந்து முறை வரும்வரை காத்திருக்கிறார். “போட்டுடலாங்களா மாஸ்டர்?” என்று தரணீதரன் கேட்பார். “போடுங்க சாமி.” முதலில் காற்றுச் சத்தம் வரும், அப்புறம் தட்டுகள் விழும், அப்புறம் அவள் கூப்பிடுவாள். ஒவ்வொரு தடவையும் முருகவேல் நாற்காலியிலிருந்து எழுந்து கதவுப் பக்கம் இரண்டு அடி எடுத்து வைக்கிறார். கதவுக்கு வெளியே மருதாள் தண்ணீர் டம்ளரோடு நிற்கிறாள். அதை வாங்கிக் குடித்துவிட்டு, எட்டாம் மேஜைக்குப் போய், அவர் தோசைக்குச் சொல்கிறார்.