ஏலத்துக்கு வந்த நண்டு

“ஏட்டி ஜெப்சி, இதை அறுப்பின் பண்டிகைக்கு வைக்கப் போறேன். எல்லாவளும் வாழைக்குலையும் சேனையும் கொண்டு வருவாளுவ. எனக்க மவன் மஸ்கட்டுல இருந்து கொண்டாந்த ஒரிஜினல் பை சர்ச்சுல ஏலத்துக்கு வந்தா எப்பிடி இருக்கும்!”

நேசபாய் தன் கைப்பையை மருமகளின் தையல் மேசையில் வைத்தாள். வார் பிரிந்திருந்தது. மூடியில் அவள் பெயரின் முதலெழுத்து; மகன் சுபின் அங்கேயே பொறித்து வாங்கியது.

ஜெப்சியைச் சுற்றிலும் பைகள்தான். வெளிநாட்டுப் பெரிய கம்பெனிகளின் பெயரைத் துணிந்து போட்டுக்கொண்ட போலிகள். கன்னியாகுமரிக் கடைக்காரர் ஒருவர் இனி விற்க முடியாதென்று ஒதுக்கியவை. அவற்றை வெட்டிச் சாளை மீன், பலாச் சுளை, நண்டு என்று சின்னச் சின்னப் பர்சுகளாகத் தைப்பாள். பொன்னிற முத்திரைகள் நண்டுக்குக் கண்ணாகிவிடும். வயிற்றில் ஒரு துணித்துண்டு: ‘நான் அசல் இல்லை, நண்டு.’ கடல் பார்க்க வந்தவர்கள் வாசித்துச் சிரித்து வாங்கிப் போனார்கள்.

நேசபாய்க்கு மட்டும் அது பிடிக்கவில்லை. “டூப்ளிக்கேட்டை வெட்டிப் பிழைக்கிய வீடுன்னு ஊரு சிரிக்குது” என்பாள்.

வாரைத் தைக்க ஜெப்சி உள்துணியைக் கொஞ்சம் பிரித்தாள். கை நின்றது. கடுகு நிறத் துணி, அதற்குப் பின்னால் அட்டை. காலடியில் கிடந்த குவியலிலும் அதே துணி, அதே அட்டை.

“என்னட்டி முழிக்கிய?”

சொன்னால் புருஷன் பொய்யனாவான். சொல்லாமல் தைத்தால், ஏலம் எடுப்பவர் ஆலயத்தில் வைத்தே ஏமாறுவார்.

“மாமி... இதும் அந்தக் கூட்டம்தான்.”

நேசபாய் தானே விரலை விட்டுப் பார்த்தாள். குவியலையும் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

“கடைக்காரன் அவனை ஏமாத்தியிருப்பான்.”

“இருக்கும் மாமி.”

“அறிஞ்சே வாங்கியிருப்பானோ?”

“இருக்கும்...”

“எல்லாத்துக்கும் எதுக்குட்டி இருக்கும் இருக்கும்ங்கிய?” என்று சீறினாள். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் இறங்கியது. “சர்ச்சுக்குன்னு நேர்ந்தாச்சு. மாத்தப்பிடாது. பொய்யா வைக்கவும் பிடாது. வெட்டு. நண்டாக்கு.”

வெட்டும்போது அவள் அங்கே நிற்கவில்லை. அடுக்களையில் பாத்திரங்கள் தேவைக்கு அதிகமாகவே சத்தம் போட்டன.

பண்டிகையன்று ஆலயப் பந்தலில் காணிக்கைப் பொருள்களை ஜெயசிங் ஏலம் விளித்தார். ஒரு முட்டை ஆயிரத்துக்குப் போனது. அங்கே எதற்கும் கடை விலை கிடையாது. ஜெப்சியின் கையில் செல்போன். வருஷாவருஷம் சுபின் மஸ்கட்டிலிருந்தே வீடியோ காலில் ஏலம் கேட்பான்.

“அடுத்தது நேசபாய் வீட்டுக்க நண்டு! கறி வைக்க ஒக்காது! வயித்துல என்ன எழுதியிருக்கு, கேட்டியளா? ‘நான் அசல் இல்லை, நண்டு’!”

பந்தல் சிரித்தது. “ஆயிரம்!” என்று சுபினும் சிரித்துக்கொண்டே கேட்டான்.

அவன் பார்க்கட்டும் என்று ஜெப்சி போனை நண்டின் அருகே கொண்டு போனாள். நண்டின் முதுகில் அம்மா பெயரின் அந்த முதலெழுத்து. அவன் சிரிப்பு நின்றது.

“ஜெப்சி... அம்மா எங்க?”

“பக்கத்துலதான் இருக்காவ.”

“ஆயிரம் ஒரு தரம்...”

“ரெண்டாயிரம்” என்றான் சுபின்.

“ஏலே, வேற யாரும் கேக்கல்லலே. உனக்க ஆயிரம்தான் நிக்குது.”

“மூவாயிரம்.”

“மஸ்கட்டுல வெயிலு கூடுதல் போல!” என்று யாரோ கத்த, பந்தல் குலுங்கியது. ஜெப்சிக்குச் சிரிப்பு வரவில்லை. மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அறிந்தேதான் வாங்கியிருக்கிறான் என்று அவளுக்கும் விளங்கிவிட்டது.

நேசபாய் போனை வாங்கிக்கொண்டாள்.

“போரும் மக்கா. அவரு ஏலத்தை முடிக்கட்டு.”

“அம்மா, அந்த வருசம் கம்பெனியில சம்பளமே...”

“பொறவு பேசலாம். நண்டைப் பார்சல்ல விடட்டா, நீ வந்து எடுக்கியா?”

“வந்து எடுக்கேம்மா.”

ஜெயசிங் மூன்றாம் தரம் சொன்னார். நேசபாய் நண்டை வாங்கி அதன் வாயைத் திறந்து பார்த்தாள். உள்ளே அதே கடுகு நிறம். ஜிப்பை மூடி, ஓரத்தை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

“தையலு பலமாத்தான் இருக்குட்டி” என்றாள்.