உப்பு போடாத குளிர்காலம்

என் அக்கா டாக்னியை கிறிஸ்டியானியா நகரமே மேதை என்கிறது. அவளோடு ஒரே ஒரு குளிர்காலம் குடித்தனம் நடத்திப் பார்க்கட்டும், அப்புறம் பேசுவோம்.

கடல் உப்பில் இருக்கும் குளோரினும், கடலையே பார்க்காத பழம்பாறையில் இருக்கும் குளோரினும் ஒரே எடையா? இதுதான் அவள் ஆராய்ச்சி. கடலோர நகரத்துக் காற்றிலேயே உப்பு இருக்கிறதாம். அதனால் பாறைத் துண்டுகளோடு ஹாலிங்டால் மலைமேல் இருக்கும் எங்கள் பண்ணைக்கு வந்து சேர்ந்தாள். வந்த அன்றே என் உப்பு ஜாடியையும் உப்புமீன் பீப்பாயையும் பக்கத்துப் பண்ணைக்கு அனுப்பிவிட்டாள். பனி உருகும்வரை உப்பில்லாத கஞ்சிதான். நான் திட்டாத நாளில்லை. கடைசியில் இரண்டும் ஒரே எடை என்று கண்டுபிடித்தாள்.

டாக்டர் பட்டம் வேண்டுமானால் பல்கலைக்கழக மண்டபத்தில் ஊர் பார்க்க வாதாட வேண்டும். சபையில் யாரும் எழுந்து எதிர்க்கலாம். எதிர்த்தவர்களுக்கெல்லாம் அன்று மாலை அவளே விருந்து வைக்க வேண்டும். சமையல் என் தலையில் விழுந்தது. அக்காவின் நகரத்து வீட்டில் மீனைக் கழுவி வைத்துவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனேன்.

தீர்ப்பு எழுதப்போகிறவர் பேராசிரியர் ஃபால்காங்கர். அவரே முதலில் எதிர்த்தார்.

"கடல் உப்பு உங்க பாறைத்தூள்ல கலந்திருக்கும்மா. நீங்க கடலையே ரெண்டு தடவை எடை போட்டிருக்கீங்க."

அது உண்மையென்றால் பட்டமும் போச்சு, அத்தனை வருட உழைப்பும் போச்சு. மலைவீட்டில் செய்ததை அக்கா நிதானமாக விளக்கினாள். அங்கேயும் சமையலறை இருந்திருக்குமே என்று அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துவிட்டேன்.

"நானும் எதிர்க்கறேன். இவ வீட்டுல ஒரு கல்லு உப்பு இருக்க விடல. குளிர்காலம் பூரா சப்புன்னு கஞ்சி குடிச்சோம். எங்கப்பா இன்னும் இவகிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல. அப்புறம் உப்பு எங்கேருந்து ஐயா வந்துச்சு?"

மண்டபமே சிரித்தது. அவர் மட்டும் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மாலையில் அடுப்படிக்குப் போன என்னை அக்கா தடுத்தாள். எதிர்த்தவள் விருந்தாளி, விருந்தாளி சமைக்கக் கூடாதாம். அவளே மீனை வேகவைத்துப் பரிமாறினாள். பட்டம் உண்டா இல்லையா தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்குமா?

ஃபால்காங்கர் ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றார். அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"நம்பறேன்மா. நாளைக்கே கையெழுத்துப் போட்டுடறேன். முதல்ல அந்த உப்பைக் கொஞ்சம் இங்க தள்ளுங்க."