பாதி அடைத்த தலையணை

எங்கள் கம்பெனியில் மொத்தம் இரண்டு பேர். முதலாளி என் மனைவி. தரக்கட்டுப்பாட்டு அதிகாரி நான். அவள் தைத்துப் பஞ்சு அடைத்துக் கொடுப்பாள். நான் படுத்துப் பார்த்து அபிப்பிராயம் சொல்வேன். வேலை போய் வீட்டில் கிடந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் எங்கே கிடைக்கும்? "கழுத்துப் பக்கம் எப்படிங்க இருக்கு?" என்று கேட்பாள். நான் தூங்கிப்போய்ப் பதில் வராவிட்டால் தலையணை தேறிவிட்டது என்று அர்த்தம்.

கழுத்துக்கு ஒரு உயரம், தலைக்கு ஒரு உயரம். பல வருடம் தையல் மெஷின் முன்னால் குனிந்து சம்பாதித்த கழுத்துவலியிலிருந்து அவள் கண்டுபிடித்தது. கட்டில் கடைக்காரர் அதை வாங்கித் தன் சரக்கு மாதிரி விற்றார். விலை அவர் வைத்ததுதான். கேட்டால், "உங்க பேரு யாருக்கும்மா தெரியும்?" என்பார்.

அந்த ஒரு வாக்கியம் அவளைத் தூங்க விடவில்லை. தலையணை செய்கிறவளுக்கே தூக்கமில்லை என்று நான் சொன்னதற்கு அவள் சிரிக்கவில்லை.

அவளுடைய தம்பி, குடும்பத்தில் எல்லோருக்கும் 'கம்ப்யூட்டர்', இணையத்தில் ஒரு முகவரி வாங்கித் தந்தான்.

"ஒரே வார்த்தைக்கா. தலையணை. பின்னாடி ஒரு புள்ளி, சின்னதா ஒரு வால். யாரும் எடுக்காம கெடந்துச்சு. அதிர்ஷ்டம்!"

"தலையணைய தலையணைன்னு சொல்றதுக்கு அதிர்ஷ்டம் எதுக்குடா?"

அந்த முகவரியை நீல நூலில் நெய்த துணிப்பட்டையாகச் செய்து வாங்கி, ஒவ்வொரு தலையணையின் ஓரத்திலும் அவள் வைத்துத் தைத்தாள். போன் நம்பரும் போடலாமே என்றேன். கம்ப்யூட்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "நம்பர் மாறும் மாமா. இது மாறாது."

பக்கத்தை ஆபீஸ் முடிந்து வந்து அவனே கட்டினான். ஒரு மாதத்தில் முடியும் என்றது மழைக்காலம் முழுக்க இழுத்தது. நடுவில் எப்படி வருகிறது என்று திறந்து பார்க்க ஆசைப்பட்டேன். முதலாளி விடவில்லை.

"பாதி அடைச்ச தலையணைய யாருக்காவது காட்டுவேனா? முடிஞ்சதும் பாப்போம்."

அது அவள் தொழில் ஒழுக்கம். பஞ்சு முழுதாக அடைத்து, வாயைத் தைத்த பிறகுதான் என்னிடமே தருவாள். அதனால் நாங்கள் யாரும் அந்த முகவரியைத் தட்டிப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரும் தன் மெஷினுக்குள்ளேயே கட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு நோட்டீஸ் வந்தது. விடுதி அறை பதிவு செய்து தரும் பெரிய கம்பெனி ஒன்று. அதன் பெயரும் தலையணைதானாம். எங்களுக்கு முன்பே வணிக முத்திரையாகப் பதிவு செய்திருக்கிறார்களாம். முகவரியைக் கொடு என்றார்கள்.

மாடி வீட்டு வக்கீலம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"பயப்படாதீங்க. அகராதியில இருக்கற வார்த்தை. ரூம் விக்கறதுக்குத்தான் அது அவங்களோடது. தலையணை விக்கறவங்க தலையணைன்னு போட்டா, அவ்வளவு சுலபத்துல கைவைக்க முடியாது."

அன்று சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அந்த உற்சாகத்தில் கம்ப்யூட்டர் அரைகுறையாக இருந்த பக்கத்தை அப்படியே திறந்துவிட்டான். "நாம தலையணைதான் விக்கறோம்னு பாத்துக்கட்டும்."

இரண்டு வாரம் கழித்து எதிர்த்தரப்பின் ஆவணங்கள் வந்தன. வக்கீலம்மா எங்களை மாடிக்குக் கூப்பிட்டார். திரையில் ஒரு படம்: மேலே எங்கள் முகவரி, கீழே வரிசையாக விளம்பரங்கள். மலிவு விலை அறைகள். கடலோர விடுதி. எல்லாமே அந்தக் கம்பெனியின் போட்டியாளர்கள்.

"என்னம்மா இது?"

"இதுதான் இத்தனை மாசமா உங்க பக்கம். முகவரி வித்தவன், காலியா கெடக்கற எடத்துல தானா விளம்பரம் போட்டிருக்கான்."

"எங்களுக்கு அதுல நயா பைசா வரலையே!" என்றான் கம்ப்யூட்டர்.

"வரலன்னாலும் வாசல் உங்களோடது தம்பி. அவங்க பேர வச்சு ஆள் பிடிச்சீங்கன்னு சொல்றாங்க. சரி, தலையணைக் கடை எப்ப தெறந்தீங்க?"

அவன் தலை குனிந்தான். "நோட்டீஸ் வந்த அன்னைக்கு."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நோட்டீசுக்கு அப்புறம் தெறந்தது கணக்குல வராது தம்பி." துணிப்பட்டை அதற்கு முந்தியதுதான் என்று காட்ட ரசீது இருக்கிறதா என்று கேட்டார். தெரிந்தவர் நெய்தது, ரசீதெல்லாம் கிடையாது.

"தீர்ப்பு சொல்றவர நேர்ல பாக்கலாமாம்மா?" என்றாள் என் மனைவி.

"பாக்க முடியாதும்மா. இது கோர்ட் இல்ல, முகவரித் தகராறுக்குன்னு எங்கேயோ ஒரு நடுவர். பேப்பர் மட்டும்தான்."

"அப்ப ஒரு தலையணை அனுப்பி வைக்கலாமா? ஒரே ஒரு தடவை தலை வச்சுப் பாக்கச் சொல்லுங்க. நாங்க எதுக்கு அந்தப் பேர வச்சோம்னு அவருக்கே புரிஞ்சிடும்."

"அதுக்குப் பேரு லஞ்சம்மா."

படுத்துத் தூங்கிவிட்டால் தீர்ப்பே வராது என்று ஒரு ஜோக் என் தொண்டைவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

தீர்ப்பில் முகவரி போய்விட்டது. இப்போது அதைத் தட்டினால் எத்தனை பேர், எந்தத் தேதி, குளிர்சாதனம் வேண்டுமா என்று அன்போடு விசாரிக்கிறது. யார் யார் வீட்டிலோ, யார் யார் காதுக்குக் கீழோ, அவள் கையால் தைத்த விளம்பரம் அந்தக் கம்பெனிக்காக ராப்பகலாக உழைக்கிறது. சம்பளம் இல்லாமல்.

கட்டில் கடைக்காரர் மீதிச் சரக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார்.

"பட்டைய எடுத்துட்டு குடுங்கம்மா. எனக்கெதுக்கு வம்பு? வெறும் தலையணையா வேணும்னா பழைய விலைக்கு எடுத்துக்கறேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பழைய விலைன்னா, அதுலயும் கொஞ்சம் குறைச்சுதான்" என்றார்.

அவள் ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தாள்.

தரையில் உட்கார்ந்து பிளேடால் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். அவள் தையல் லேசில் பிரியாது. அந்த உறுதிக்காகத்தான் அவளைப் புகழ்வார்கள். பட்டை வந்தால் உறையும் கொஞ்சம் கிழிந்து வந்தது. கிழிந்த இடத்தில் பஞ்சு எட்டிப் பார்த்தது. அதை விரலால் உள்ளே தள்ளித் திரும்பவும் தைத்தாள். நான் நீலப் பட்டைகளைப் பொறுக்கி ஒரு பையில் போட்டேன். அதிகாரிக்குப் புதிய பொறுப்பு.

"வேற பேரு வச்சுக்கலாம். கம்ப்யூட்டர்ட்ட சொல்லலாம்," என்றேன்.

"தலையணைக்கு வேற என்ன பேருங்க இருக்கு?"

அவள் தைத்து முடித்த ஒன்றை என் பக்கம் தள்ளினாள். வழக்கம்போலத் தலை வைத்துப் படுத்தேன். ஓரத்தில், பட்டை இருந்த இடத்தில், புதுத் தையல் முடிச்சு காதை உறுத்தியது.

"எப்படி இருக்கு?" என்றாள், தலை நிமிராமல்.

நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.