ஞாயிற்றுக்கிழமைக் கட்டணம்

எங்கள் ஊரில் வக்கீல்கள் பணம் வாங்குவதில்லை, கிழமை வாங்குவார்கள். ஒரு நோட்டீஸுக்கு ஒரு புதன்கிழமை, எல்லைத் தகராறுக்கு ஒரு வருஷத்து வியாழக்கிழமைகள் என்று வாசலில் பலகையே தொங்கும். செவ்வாயை மட்டும் சும்மா கொடுத்தாலும் தொட மாட்டார்கள். வியாழனைக் கொடுத்தவர் புதன் இரவு படுத்தால் வெள்ளி காலைதான் எழுந்து பல் தேய்ப்பார். நடுவில் உள்ள நாளை வக்கீல் அவர் வீட்டுக்கே வந்து வாழ்ந்துவிட்டுப் போவார். வக்கீல் வாங்கிய கிழமையை அந்த வீட்டைவிட்டு வெளியே எடுத்துப்போக முடியாது.

வக்கீல் தன் ஒப்பந்தத்தைத் தானே எழுதிக்கொண்டால் கட்டணம் எதிர்த்தரப்புக்குப் போய்விடும். அதனால் அவர்கள் சொந்த விவகாரம் எதையும் வைத்துக்கொள்வதில்லை.

நானும் சகாயராஜும் ஒன்பது வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறோம். கல்யாணம் செய்துகொள்ளத் தோன்றவில்லை, அவ்வளவுதான். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கல்யாணம் ஆனவர்கள் ஒப்பந்தம் எழுத வேண்டியதில்லை, தாலி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று ஊர் நம்புகிறது. எங்களுக்கு அந்த வசதி இல்லை. வீடு வாங்கப் பாதிப் பணம் என் சம்பளத்திலிருந்துதான் போயிற்று, பத்திரமோ அவன் பெயரில் இருந்தது.

"நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்கண்ணன் அன்னைக்கே பூட்டு போட்டுருவாரு, பொற்கொடி. நீ தெருவுலதான் நிப்ப. வா, எழுதிருவோம்" என்றான் சகாயராஜ்.

நீதிமன்ற வளாகத்தில் அறை வைத்திருந்த வக்கீல் அருமைநாயகத்திடம் போனோம். வயது முப்பத்தொன்று, பார்வைக்கு எழுபது. வாரத்துக்குப் பதினோரு நாள் வாழ்கிறவர் வேறு எப்படி இருப்பார்?

"சும்மா சேந்து இருக்கோம்னு எழுதினா ஒரு வருஷத்துப் புதன். வீடும் உள்ள வருதுன்னா ஞாயிறு. ஆயுசுக்கும்" என்றார்.

"வேற கிழமை எடுத்துக்கங்க சார்."

"மத்தது எல்லாம் எங்கிட்ட ஏகப்பட்டது கெடக்கும்மா."

எனக்கு டிக்கெட் கவுன்ட்டரில் பகல் வேலை. அவனுக்குப் பால் குளிரூட்டும் நிலையத்தில் இரவு வேலை. அவன் வரும்போது நான் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பேன். நாங்கள் சேர்ந்து வாழ்ந்ததே ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அதைக் கொடுத்துவிட்டுச் சேர்ந்து வாழ்கிறோம் என்று எழுதி வாங்குவது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதுதான். ஆனால் சகாயராஜ் பிடிவாதமாகக் கையெழுத்துப் போட்டான், நானும் போட்டேன். திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் வைத்து நன்றாக அழுதேன்.

முதல் வாரம், சனிக்கிழமை படுத்துத் திங்கட்கிழமை எழுந்தோம். சனி இரவு மீதம் வைத்த அயிரை மீன் குழம்புச் சட்டி கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது.

இதில்தான் அருமைநாயகம் சறுக்கினார். பிறருடைய கிழமையில் இருக்கும் வக்கீல் சொந்த டிபன் கேரியரில்தான் சாப்பிட வேண்டும். பிரம்மச்சாரி, மீன் வாசனைக்கு மடங்கிவிட்டார். நான் ஒப்பந்தத்தை எடுத்து வரி வரியாகப் படித்தேன். மூன்றாவது பிரிவு: "ஒரே கூரையின்கீழ் ஒரே அடுப்பில் சமைத்ததை இருபத்தாறு வாரம் தொடர்ந்து உண்டு, மணம் புரியாமல் வாழ்பவர் எவரும் சேர்ந்து வாழ்பவரே." எட்டாவது பிரிவு: "சேர்ந்து வாழ்பவர் ஒவ்வொருவரும் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர். செலவு, கடைசியாக வந்து சேர்ந்தவருடையது."

அன்றிலிருந்து சனிக்கிழமை மாலை தவறாமல் மீன் வாங்கினேன். ஒரு வாரம் விரால், ஒரு வாரம் கெளுத்தி.

"திருடனுக்கு விருந்து வெக்கிற மாதிரி இருக்கு" என்றான் சகாயராஜ்.

"நீ பேசாம புளியைக் கரை."

பத்தொன்பதாவது வாரம் சந்தையில் மீனே இல்லை. முட்டைக் குழம்பு வைத்தேன். அவர் தொடாவிட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். திங்கள் காலை பல்கூடத் தேய்க்காமல் சமையலறைக்குள் போய்ப் பார்த்தேன். சட்டி துடைத்து வைத்தாற்போல இருந்தது. பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு: "உப்பு கொஞ்சம் குறைவு." கீழே கையெழுத்து, தேதி, முத்திரை. எதை எழுதினாலும் முத்திரை குத்தாமல் வக்கீலுக்குக் கை ஓயாது. அடுத்தடுத்த வாரங்களுக்கும் சீட்டு வந்தது. முந்தைய வாரங்களைக்கூட நினைவாக வரிசைப்படுத்தி, எந்த வாரம் எந்த மீன் என்று எழுதி, அதிலும் முத்திரை குத்தியிருந்தார்.

இருபத்தாறு வாரம் முடிந்ததும் சீட்டுகளை அவர் மேசையில் பரப்பினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றாவது பிரிவையும் எட்டாவது பிரிவையும் படித்தார்.

"செல்லும்" என்றார். "நான் உங்களோடதான் வாழ்ந்துட்டு இருக்கேன்."

"எங்க ரெண்டு பேரையும் நீங்க கட்டிக்கலைங்கறதுக்கு ஊரே சாட்சி சார்" என்றான் சகாயராஜ்.

"அப்ப வீட்டுலயும் எனக்குப் பங்கு உண்டு."

"எழுதினாத்தான் பங்கு சார், எழுதுங்க" என்றேன். "இல்ல, வேற வக்கீல்கிட்ட போங்க. உங்க பதினோரு நாள்ல அவரு எத்தனை கேப்பாரோ."

அவர் சக வக்கீல்களை நினைத்துப் பார்த்தார். பிறகு முத்திரைத்தாளை எடுத்துத் தன் கையாலேயே எழுதினார். வீடு உள்ளே வருவதால் கட்டணம் ஆயுளுக்கும் ஞாயிறு. எழுதியவரே தரப்பினர் என்பதால் அது எதிர்த்தரப்பான எங்களுக்கு. கையெழுத்துப் போட்டார். அந்த நொடியே எங்கள் ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து போய்விட்டது. ஞாயிறு இல்லாதவர் எங்கள் அடுப்பில் உண்ண வழியில்லை. உண்ணாதவர் சேர்ந்து வாழ்பவர் இல்லை. மை காய்வதற்குள் அவருடைய ஒப்பந்தம் காலாவதியானது, பங்கும் போனது. எங்கள் ஒப்பந்தம் மட்டும் ஜம்மென்று நின்றது.

அவரே எழுந்து தன் தாளில் ரத்து முத்திரை குத்தினார்.

"கெளுத்தி வெச்ச அன்னைக்குக் கொழம்பு பிரமாதம்மா" என்றார்.

படியில் இறங்கும்போது சகாயராஜ் விசிலடித்தான். நீதிமன்ற வளாகத்தில் விசிலடிக்கக் கூடாது, நானும் சேர்ந்து அடித்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த அலுவலகத்தைவிட்டும் வெளியே வந்ததில்லை. அந்த வாரமே விஷயம் ஊருக்குத் தெரிந்து, சனிக்கிழமை மீன் விலை இரட்டிப்பானது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆறு மாதம் இன்னொருவரிடம் இருந்ததில் கொஞ்சம் பருத்திருந்தது, அதில் இரண்டு மதியம் இருந்தன. முதல் மதியத்தில் இருவரும் கதவைத் தாழிட்டுத் தூங்கினோம். இரண்டாவது மதியத்தில் கடலுக்குப் போகலாமா என்று சகாயராஜ் கேட்டான். எங்கள் ஊரிலிருந்து கடல் இருநூறு மைல். ஜன்னலைத் திறந்து பார்த்தேன், ரேஷன் கடை வரைக்கும் வந்து அலையடித்துக்கொண்டிருந்தது. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். அவன் வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தான்.