சும்மா இருக்க வேண்டிய கை

எங்கள் பண்டூர்ரியா பனிச்சறுக்கு மலைக்குப் புது கேபிள் கார் வந்தது என்னால்தான். இதை நானே சொல்லாவிட்டால் வேறு எவனும் சொல்லப் போவதில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் உட்காரும், கம்பியில் தொங்கி ஓடும் பழைய நாற்காலிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, பத்துப் பேர் கதகதப்பாக உட்கார்ந்து போகும் கண்ணாடிப் பெட்டிகளை மாட்டவேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் மேஜையைத் தட்டியவள் நான். தட்டித் தட்டியே மேலாளரை ஓயவைத்தேன். அடுத்த வருடம் மேல்சரிவுக்கு ஆறு பேர் உட்காரும் நாற்காலி வரப்போகிறது. அதன் படத்தை டிக்கெட் ஜன்னலுக்கு மேலே இப்போதே ஒட்டியாயிற்று. பக்கத்து மலைக்காரர்கள் வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார்கள். அன்றைக்கு எனக்கு இரண்டு வேளைச் சாப்பாடு கூடுதலாக இறங்கியது.

என் பெயர் எல்வீரா. இந்த மலையில் கம்பியில் ஓடுவது எதுவானாலும் அதற்கு நான்தான் தலைமை மெக்கானிக். கீழ் மேடையில் ஆட்களை ஏற்றிவிடுகிறவன் நிக்கானோர், என் புருஷன். வேலையில் அவனுக்கு நான் அதிகாரி. வீட்டில் யார் அதிகாரி என்பது அன்றன்றைக்கு முடிவாகும்.

நிக்கானோரின் கையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். பழைய கம்பி நாற்காலி யாருக்காகவும் வேகத்தைக் குறைக்காது. பின்னாலிருந்து வந்து முழங்காலில் ஒரு போடு போட்டு, ஆளை அள்ளிக்கொண்டு போகும். அந்த அடி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் மேடைக்காரனின் வேலை. முதுகுச் சட்டத்தைப் பிடித்து, நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, ஆள் உட்கார்ந்ததும் விடவேண்டும். நிக்கானோர் இதை இருபது குளிர்காலம் செய்தான். வலது கையில் கடைசி இரண்டு விரல்களும் வளைந்தது வளைந்ததுதான், நிமிரவே இல்லை. வீட்டில்கூட யாராவது சாப்பாட்டு மேஜையில் உட்காரப் போனால் அவன் கை நாற்காலியின் முதுகைப் பிடித்துவிடும். நான் இந்த மலைக்கு வந்த புதிதில் எல்லோரையும் இடித்த நாற்காலி, என்னிடம் மட்டும் பூனைக்குட்டி மாதிரி வந்து ஒட்டியது. அந்தக் கைக்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டேன். மற்றதெல்லாம் பிற்பாடு சரிசெய்துகொண்டது.

புது இயந்திரத்துக்கு அந்தக் கை ஆகாது. பெட்டி மேடைக்குள் நுழைந்ததும் கம்பியை விட்டுவிட்டு, ரப்பர் சக்கரங்களின் மேல் ஆமை வேகத்தில் நகரும். கதவு தானே திறக்கும், தானே மூடும். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியை இயந்திரம் பார்த்துக்கொண்டே இருக்கும். யாராவது ஒரு பெட்டியைப் பிடித்து இழுத்தால் பின்னால் வருவது நெருங்கிவிடும்; மோதப்போகிறது என்று பயந்து மலை முழுவதும் நின்றுவிடும்.

சோதனை ஓட்டத்தில் காலிப் பெட்டிகள் போனபோது ஒரு குறையும் இல்லை. தபால்காரரை ஏற்றிப் பார்த்தோம். நிக்கானோரின் கை பெட்டியைப் பிடிக்கப் போயிற்று. மலை நின்றது. மறுபடி ஓட்டினோம். பள்ளிக்கூட வாத்தியாரம்மா ஏறினாள். மறுபடி நின்றது.

"நான் பிடிக்கணும்னு பிடிக்கலடி. ஆளப் பாத்தா அதுவா போகுது" என்றான்.

"அது போனா நீ கூடப் போகாத. அவ்வளவுதான் வேலை."

"அப்ப நான் அங்க எதுக்கு? பொம்மையா?"

மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எல்வீரா, வர்ற வியாழக்கிழமை மாகாணத்துலேர்ந்து அதிகாரி வர்றாரு. ஊர் ஜனத்த ஏத்தி நாள் பூரா ஓட்டிப் பாப்பாரு. அவர் முன்னாடி உங்க வீட்டுக்காரர் கையால இது நின்னா, அவரக் கார் நிறுத்துற இடத்துக்கு மாத்திடுவேன். நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. என்னை வில்லனாக்காதீங்க."

நியாயமில்லாத பேச்சு என்று சொல்ல முடியாது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. மேடையை விட்டால் நிக்கானோருக்கு வேறு இடம் கிடையாது. சம்பளம் அதேதான் வரும். ஆனால் பனியில் நின்று கார்களுக்குக் கை காட்டும் நிக்கானோரை நான் ஒவ்வொரு காலையிலும் தாண்டிப் போகவேண்டும். என் கேபிள் கார் என் புருஷனைத் தின்றுவிட்டது என்று ஊர் பேசும். ஊர் கிடக்கட்டும், எனக்கே அப்படித்தான் தோன்றும்.

வியாழக்கிழமை காற்றில்லாத, வெளுத்த குளிர். அதிகாரி சல்திவியா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். கருநீலக் கோட்டு, சிரித்துப் பழக்கமில்லாத முகம். கை குலுக்கினார். நிக்கானோர் அவர் கையை வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தான். இதுவும் ஒரு பிடியா என்று அவனை முறைத்தேன்.

நிக்கானோர் அன்று வெந்நீர்க் குடுவையை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கையில் மாத்தே என்னும் இலைக் கஷாயம் நிறைந்த சுரைக்குடுக்கையோடு வந்து நின்றான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நடமாடுவார்கள், ஆனால் அதிகாரி வரும் நாளிலா?

"என்ன இது, பிக்னிக்கா?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நிறுத்துற பொத்தான்ல யோலாந்தா நிக்குறா. நான் வணக்கம் சொல்லி வழி காட்டணும், அவ்வளவுதான்னு நீதானே சொன்ன? அதுக்கு வாய் போதும்" என்றான். அதிகாரிக்கும் ஒரு குடுக்கை ஊற்றி நீட்டினான். அவர் உறிஞ்சிவிட்டு, "நன்றி" என்று திருப்பிக் கொடுத்தார். எங்கள் பக்கம் மாத்தேவைத் திருப்பும்போது நன்றி சொன்னால், எனக்குப் போதும், இனி ஊற்றாதே என்று அர்த்தம். முதல் குடுக்கையிலேயே நன்றி சொல்லும் ஆளிடம் இரக்கத்தை எதிர்பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கண்ட்ரோல் ரூமுக்குள் போனேன்.

ஊர் முழுக்க வந்திருந்தது. குடும்பம் குடும்பமாக ஏறினார்கள். பெட்டிகள் ஒவ்வொன்றாக மேடையை விட்டு வெளியேறி, கம்பியைக் கவ்வி, லெங்கா மரங்களுக்கு மேலே ஒரு குலுக்கல் இல்லாமல் ஏறிப் போவதைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் கலங்கிவிட்டது. கலங்கினால் என்ன? பெற்ற பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்கினால் கலங்காதா? மதியம் வரை மலை ஒரு நொடி நிற்கவில்லை.

மதியத்துக்குப் பிறகு எர்மீனியா அக்கா வந்தாள். மேலே இருக்கும் காப்பிக் கடைக்கு எண்ணெயில் பொரித்த ரொட்டி கொண்டுபோகிறவள் அவள். ஒரு கால் சரியில்லை. கூடை அவளைவிட அகலம். இத்தனை வருடமும் அவள் வருகிற சத்தம் கேட்டாலே நிக்கானோர் நாற்காலியைப் பிடித்து, கிட்டத்தட்ட நிறுத்தியே வைத்துவிடுவான். அவள் மேடைப் படியில் கால் வைப்பதைத் திரையில் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அதற்குள் ஒரு பெட்டி அவளை மறைத்தது.

எச்சரிக்கை மணி அலறியது. திரை சிவந்தது. கீழ் மேடை, இடைவெளி குறைவு. மலை நின்றுவிட்டது.

நான் வெளியே ஓடியதை ஓட்டம் என்று சொல்வது மரியாதை. அத்தனை பேர் நடுவில், வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட, என் குரல் எனக்கு முன்னால் போயிற்று.

"ஒரு நாள் நிக்கா, ஒரே ஒரு நாள் அந்தக் கைய அடக்கி வைக்க முடியாதா உனக்கு? உனக்காக எத்தன பேருகிட்டப் பல்லக் காட்டினேன் தெரியுமா? போ, போய்க் கார் ஓரமா நில்லு. அங்க எதை வேணா பிடிச்சுக்கோ."



"எல்வீராக்கா..." என்றாள் யோலாந்தா.

"நீ வாய மூடு."

அப்புறம்தான் பார்த்தேன். வெந்நீர்க் குடுவை அவன் கக்கத்தில் அப்படியே இருந்தது. வலது கை சுரைக்குடுக்கையைப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பது போதாது, நெரித்திருந்தது. விரல்களெல்லாம் வெளுத்து, வெந்நீர் வழிந்து மணிக்கட்டு சிவந்திருந்தது. அவன் விடவில்லை.

பெட்டியின் கதவோரத்தில் வேறொரு கை இருந்தது. கருநீலக் கோட்டுக் கை. முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, மாகாணத்து அதிகாரி சல்திவியா எங்கள் பெட்டியைப் பிடித்தபடி நின்றார். அந்த நிற்பை எனக்குத் தெரியும். இருபது வருடமாகத் தெரியும்.

"அவர் இல்லம்மா" என்றார். "நான்."

அவர் தன் கையை எடுத்து, யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "படிக்கிற காலத்துல தெக்கே ஒரு மலையில நாற்காலி பிடிச்சேன். மூணு குளிர்காலம். விட்டு முப்பது வருஷம் ஆச்சு. இந்தம்மா கூடையோட சாஞ்சாங்க. கை எப்ப போச்சுன்னே தெரியல."

"முப்பது வருஷமா யாரையும் பிடிக்காதவரு என்னப் பாத்துதான் பிடிக்கணுமா?" என்றாள் எர்மீனியா அக்கா. "அவ்வளவு மோசமாவா தெரியிறேன்? வழிய விடுங்க, ரொட்டி ஆறுது." கூடையை உள்ளே தள்ளிவிட்டு, ஒருவர் துணையும் இல்லாமல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் யோலாந்தாதான் சிரித்தாள். அப்புறம் வரிசை முழுக்கச் சிரித்தது. சல்திவியா சிரிக்கவில்லை, ஆனால் காது சிவந்தது. நின்ற காரணம் எழுதியாக வேண்டுமே. எல்லோருக்கும் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "காரணம், அதிகாரியின் கை. மேடை ஆள் மீது குறையில்லை." பிறகு நிக்கானோரின் சிவந்த மணிக்கட்டைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார். "அவர் கையை நான் பக்கத்துல நின்னு பாத்தேன்மா. என்னால முடியாதத அவர் செஞ்சாரு."

மேலாளர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மலையில் ஏதோ புதிதாக முளைத்ததுபோல் அண்ணாந்து பார்த்தார்.

எத்தனை பேர் முன்னால் கத்தினேனோ அத்தனை பேர் முன்னாலும் சொல்லத்தான் வேண்டும். "தப்பு என்னுது, நிக்கா. பாக்காமக் கத்திட்டேன்."

"பரவால்ல சீஃப்" என்றான். "மலைய நிறுத்த ஒரு பொத்தான் வச்சிருக்க. உனக்கும் ஒண்ணு வச்சிருக்கலாம்."

மலையை மறுபடி ஓட்டினேன். ஒரு குலுக்கல் இல்லாமல் எடுத்தது. வெயில் சாய்கிற வரைக்கும் பிறகு நிற்கவே இல்லை. அனுமதித் தாளில் சல்திவியா கையெழுத்துப் போட்டபோது, பேனாவைப் பிடித்த கையில் கடைசி இரண்டு விரல்களும் வளைந்திருந்ததைப் பார்த்தேன்.

"காலையில கை குடுத்தப்பவே தெரிஞ்சுடுச்சு" என்றான் நிக்கானோர் என் காதில்.

"அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"எங்க பேச விட்ட?"

நிக்கானோர் ஒரு குடுக்கை ஊற்றி அவரிடம் நீட்டினான். சல்திவியா கடைசி உறிஞ்சல் வரை குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நன்றி சொல்லவில்லை. நிக்கானோர் மறுபடி ஊற்றினான்.

அன்று வீட்டில் சூப்பைச் சுடவைத்து மேஜைக்குக் கொண்டுவந்தேன். கால் இரண்டும் இரும்பாகக் கனத்தன. கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பினால், நிக்கானோர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். மணிக்கட்டில் களிம்பு தடவியிருந்தது. கையைப் பின்னால் கட்டியிருந்தான்.

"இங்க பிடிக்கலாம்ல, சீஃப்?"

பின்னால் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்தேன்.