ஆனி வெயிலில் கம்பளித் தொப்பி

கனகலிங்கம் தொப்பி வாங்கியது அழகுக்காக இல்லை. கார்த்திகை மாதம் காரைநகரில் அவருடைய அப்பா செத்துப்போனார். லீவு கிடைக்காமல், விமானத்தில் இடம் கிடைக்காமல், செத்தவீட்டைக் கைபேசியில்தான் பார்க்க முடிந்தது. கொள்ளி வைத்தது தம்பி. அதற்காக மூத்த மகன் சும்மா இருக்கலாமா? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையை ஹம் நகரிலேயே ஐயரைப் பிடித்துச் செய்து, தலையையும் மீசையையும் வழித்துக்கொண்டார். மார்கழி மாதம், ஜேர்மனி, மொட்டைத் தலை. கேட்கவும் வேண்டுமா!

"தலையில பனி இறங்கினா நீங்களும் படுத்திடுவியள்," என்றாள் மனைவி பாலாம்பிகை. "ஒரு தொப்பியை வாங்கிப் போடுங்கோ."

வீட்டில் மகனுடைய பின்னல் தொப்பி ஒன்று கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு ரயிலில் போன முதல் நாளே பரிசோதகர் அவருடைய டிக்கெட்டை இரண்டு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று பின்னேரமே ஆண்கள் உடுப்புக் கடைக்குப் போய், ஜேர்மன் கிழவர்கள் போடுகிற தட்டையான ட்வீட் தொப்பி ஒன்றை எடுத்தார். சாம்பல் நிறம், தடித்த கம்பளி, முன்னால் சின்ன விளிம்பு. அடுத்த நாள் அதே பரிசோதகர் "காலை வணக்கம்" சொல்லிவிட்டு டிக்கெட்டைக் கேட்காமலே போய்விட்டார். முப்பது வருசமாக இந்த நாட்டில் வரி கட்டிய மனிதனுக்குக் கிடைக்காத மரியாதை ஒரு கம்பளித் துண்டுக்குக் கிடைத்தது.

அவருக்கு வேலை லிப்ஸ்டட்டில், ஒரு பூட்டுத் தொழிற்சாலையில். தினமும் காலையில் ஹம்மில் ஏறுவார். அடுத்த தரிப்பான வெல்வரில் ஒரு பெண்மணி ஏறி எதிரே உட்காருவார். வருசக்கணக்காக எதிரெதிரே இருந்தும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஜேர்மன்காரர் பேசாமல் இருப்பதிலும் ஒரு ஒழுங்கு வைத்திருப்பவர்கள்.

ஒரு நாள் தலை கடித்தது. தொப்பியைக் கழற்றிச் சொறிந்தார். எதிரே இருந்த பெண்மணி அந்த மொட்டையையே பார்த்தார். பிறகு தன்னுடைய தொப்பியை மெல்ல உயர்த்திக் காட்டினார். அங்கேயும் மொட்டை!

கனகலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாவம், இவருக்கும் அப்பாவோ அம்மாவோ போய்விட்டார் போல. ஜேர்மன்காரரும் இதற்கு மொட்டை அடிப்பார்கள் என்பது இத்தனை வருசமாக அவருக்குத் தெரியாமல் போயிற்று.

"கஷ்டம்தான், இல்லையா?" என்றார் பெண்மணி.

"கஷ்டம்," என்றார் கனகலிங்கம், தனக்குத் தெரிந்த ஜேர்மனில். "ஆனால் முடி திரும்பி வரும்."

"உங்களுக்கு இன்னும் எவ்வளவு காலம்?"

மாதாமாதம் மாசியம் கொடுத்து ஆண்டுத் திவசம் முடிய வேண்டும் அல்லவா? "ஒரு வருசம். மாதத்துக்கு ஒரு தடவை."

"எனக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை," என்றார் அவர். கத்தோலிக்கர் முறை அப்படியாக்கும் என்று கனகலிங்கம் நினைத்துக்கொண்டார்.

அன்று இரவு சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார். "வெள்ளைக்காரரும் செத்தவீட்டுக்கு மொட்டை அடிக்கினம், தெரியுமோ?"

"பொம்பிளையளுமோ?"

"அவையளுக்கு ஆம்பிளை பொம்பிளை எண்ட பேதம் இல்லைத்தானே."

பெண்மணியின் பெயர் ஹூல்ஸ்மன். அந்த நாளிலிருந்து அவர் பையை வைத்துக் கனகலிங்கத்துக்கு இடம் பிடிக்கத் தொடங்கினார். கனகலிங்கம் முதலில் ஏறுகிறவர், இடம் பிடிக்க வேண்டியவரே அவர்தான். இருந்தாலும் தனக்குப் பக்கத்து இடத்தில் பையை வைத்துவிட்டு, "இங்கே வாருங்கள்" என்று எதிர் இருக்கையிலிருந்து அவரை மாற்றி உட்காரவைப்பார். சும்மா சொல்லக்கூடாது, கனகலிங்கத்துக்கு அது பெரிய சந்தோசமாக இருந்தது. அந்த ரயிலில் அவரை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை.

மாசி மாதம் உண்மை வெளிவந்தது. "இன்றைக்கு வாயெல்லாம் புண். இந்தக் கீமோ என்னைக் கொன்றுவிடும்," என்றார் ஹூல்ஸ்மன்.

கனகலிங்கத்துக்கு அப்போதுதான் விளங்கியது. புற்றுநோய்! அவர் வாயைத் திறக்கப் போனார். அதற்குள் அந்த அம்மா, "உங்களைப் பார்த்துத்தான் நான் எழும்பி வருகிறேன். இந்த மனிதர் தாங்குகிறார், நானும் தாங்குவேன் என்று நினைப்பேன்," என்றார். திறந்த வாயைக் கனகலிங்கம் மூடிக்கொண்டார். வேறு என்னதான் செய்வார்?

ஆனால் முடி இவருடைய சங்கடத்தைக் கேட்டா வளரும்? பங்குனிக்குள் கருகருவென்று வந்துவிட்டது. மேலே தொப்பி மறைக்கும். காதுக்கு மேலேயும் பிடரியிலும் மறைக்காது. முழுக்க வழிக்கலாம் என்றால் பாலாம்பிகை விடவில்லை.

"அப்பாவுக்கு அடிச்சாச்சு. இனி ஆருக்கு அடிக்கப் போறியள்? ஊரில உங்கட அம்மா உயிரோட இருக்கிறா. அபசகுனம் பிடிச்ச வேலை பாக்காதேங்கோ!"

எதற்காக என்று அவளுக்குச் சொல்லவும் முடியவில்லை. கடைசியில் சலூன்காரப் பொடியனிடம் போய், தொப்பிக்கு வெளியே தெரிகிறதை மட்டும் வழிக்கச் சொன்னார். மேலே காடு, சுற்றிவரப் பொட்டல். கோயிலில் பொடியள் வந்து தோளில் தட்டினார்கள். "அண்ணை, ஸ்டைல் அந்தமாதிரி!" ஐம்பத்தெட்டு வயதில் கனகலிங்கம் நாகரிகக்காரர் ஆனார்.

சித்திரை போய் வைகாசியும் வந்தது. ரயில் முழுக்க அரைக்கைச் சட்டை. கனகலிங்கத்தின் தலையில் மட்டும் தடித்த கம்பளி. வியர்வை மூக்கு நுனியில் வந்து நிற்கும், துடைப்பார், திரும்ப வந்து நிற்கும். ஹூல்ஸ்மனுக்கு வைத்தியம் முடிந்து, தலையில் நரை முளைத்து, அவர் தொப்பி இல்லாமலே வரத் தொடங்கியிருந்தார். இன்னும் ஒரு மாதம். தனக்கும் சுகமாகிவிட்டது என்று ஒரு நாள் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும், விசயம் முடிந்தது என்று கனகலிங்கம் கணக்குப் போட்டிருந்தார்.

ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மா மறுபடி தொப்பியோடு ஏறினார்.

"திரும்பி வந்துவிட்டது," என்றார். "முடியைச் சொல்லவில்லை."

கனகலிங்கம் வியர்வை துடைத்த கைக்குட்டையை மடியில் வைத்தார்.

"இன்னொரு முறை செய்யச் சொல்கிறார்கள். நான் போகப்போவதில்லை. ஒரு தடவை போதும். இப்போதே தொப்பியைப் போட்டுப் பார்த்தேன், இதைத் திரும்பத் தாங்க என்னால் முடியாது."

லிப்ஸ்டட் வந்ததும் போனதும் கனகலிங்கத்துக்குத் தெரியவில்லை. வேலைக்குப் பிந்திப் போய்ப் பேச்சு வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த மனைவியின் முன்னால் உட்கார்ந்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஆறு மாசமா ஒரு வருத்தக்காரியை ஏமாத்தியிருக்கிறியள்," என்றாள் பாலாம்பிகை. கத்தியைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு வெக்கமா இல்லையோ?"

"இருக்கு."

வெட்டிய லீக்ஸைச் சட்டிக்குள் அள்ளிப் போட்டாள். பிறகு, "அவவின்ர பேர் என்ன?" என்றாள்.

"ஹூல்ஸ்மன்."

"நட்சத்திரம்?"

"அதை நான் எப்பிடிக் கேக்கிறது?"

"அப்ப அம்பாள் பேரில அர்ச்சனை செய்வம். நாளைக்குக் கோயிலுக்கு வாங்கோ. அவ சுகமாக வேணுமெண்டு நேர்ந்துகொண்டு முழு மொட்டையா அடியுங்கோ. நேர்த்திக்கு அடிச்சா ஒருத்தருக்கும் ஒண்டும் வராது. ஆனா அவவுக்குத் திங்கக்கிழமை உண்மையைச் சொல்லிப்போட வேணும். பொய்யில நேர்த்தி வைக்க ஏலாது."

திங்கட்கிழமை ஹூல்ஸ்மன் ஏறி உட்கார்ந்ததும் கனகலிங்கம் தொப்பியைக் கழற்றினார். மொட்டை மினுங்கியது. சந்தனம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

"எனக்கு நோய் இல்லை," என்றார். ஞாயிறு முழுக்கப் பாடமாக்கிய ஜேர்மன். "ஒருநாளும் இருக்கவில்லை. முதல் மொட்டை என் அப்பாவுக்கு, அவர் இறந்துபோனார். உங்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். தெரிந்த பிறகு சொல்லப் பயந்தேன். இந்த மொட்டை உங்களுக்கு. என் மனைவி சனிக்கிழமை கோயிலில் உங்கள் பெயரைச் சொன்னாள். நீங்கள் வைத்தியத்துக்குப் போக வேண்டும்."

ஹூல்ஸ்மன் அவரைப் பார்த்தார். முகம் சிவந்தது. "குளிர்காலம் முழுக்க," என்றார். "குளிர்காலம் முழுக்க நான் உங்களிடம் என் வாந்தியைப் பற்றிக்கூடச் சொன்னேன்!" பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய், நாலு வரிசை தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

கனகலிங்கத்துக்கு அழுகை வந்தது. அப்பா செத்ததற்கே ரயிலில் அழாத மனிதன். யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லிப்ஸ்டட் வருகிறது என்று அறிவித்தார்கள். அவர் எழும்பிக் கதவடிக்குப் போனார். ஹூல்ஸ்மன் அங்கே வந்து நின்றார். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"வியாழக்கிழமை அவர்கள் எனக்கு வைத்தியத்துக்கு நேரம் குறித்திருக்கிறார்கள்," என்றார். "போவேன்."

கனகலிங்கம் தலையை ஆட்டினார்.

"இன்றைக்கு உங்களோடு பேசமாட்டேன். நாளைக்கு என் பக்கத்து இடத்தில் இருங்கள்."